எறும்பின் கட்சி

பின்வாசல் படியில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். இடது ஓரம் ஹபீபுர் ரஹ்மானுடையது. அவர் போய் நாற்பத்தாறு நாள் ஆன பிறகும் அவர் மனைவி அஸ்மத்துன்னிசா வலது ஓரத்தில்தான் உட்கார்ந்தாள். யோசித்துச் செய்ததில்லை. டீ டம்ளரோடு வந்தால் உடம்பு தானாக அங்கே போய் அமர்ந்துகொண்டது.

எதிரே பதினேழு சோளச் செடிகள். சைதாப்பேட்டையில், பஜார் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள், துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கிற கையகல மண்ணில் யாராவது மக்காச்சோளம் போடுவார்களா? புத்தி உள்ளவர்கள் போட மாட்டார்கள். தி.நகரில் முப்பத்தைந்து வருடம் லேஸும் பட்டனும் விற்றுவிட்டு, கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த மனிதர் போட்டார். போனில் ஏதோ வீடியோ பார்த்தாராம். மேல்வரிசைப் பல் முழுக்கக் கட்டியது, வேர்க்கடலையையே பொடித்துத்தான் தின்பார். அவருக்குச் சோளக்கதிர் கேட்டது.

கேட்டால் விதையைப் புதைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. வெயில் விழவில்லை என்று சொல்லி, பதினாறு வருடமாக அந்த மூலையில் நின்ற மருதாணியை வெட்டிவிட்டார். பெருங்குடியில் மகன் தல்ஹா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு அஸ்மத் திரும்பி வந்து பார்த்தால், கணுக்கால் உயரத்துக்கு ஒரு கட்டை நிற்கிறது. பெருநாளுக்கு முந்தின நாள் சந்தில் பாதி வீட்டுப் பெண்கள் வந்து இலை பறித்துக்கொண்டு போகிற செடி அது. தல்ஹாவின் கல்யாணத்தில் மருமகள் மஹ்விஷின் கைக்கு இங்கேயிருந்துதான் அரைத்துப் போனது. செடி போனதில்கூட அவளுக்கு அவ்வளவு வருத்தமில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள், அப்புறம் சரி என்றும் சொல்லியிருப்பாள். அவருக்கும் அது தெரியும். அந்தச் சண்டைக்குப் பயந்துதான் அவள் இல்லாத நாளாகப் பார்த்து வெட்டினார்.

அவள் பேச்சை நிறுத்தினாள். சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், துணி மடித்து வைத்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. பதினோராம் நாள் காலையில் அவர் கையெல்லாம் மண்ணாகச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அஸ்மத், வந்து பாரேன். மொளச்சிக்கினு வருது."

அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்தார். சமையலறை ஜன்னலில் அவர் முதுகு தெரிந்தது. குழம்பு கொதித்து இறங்கியது, சோறு வடித்தாயிற்று, முதுகு அசையவில்லை. ரோஷத்தைப் பார், நானே போய்க் கூப்பிட வேண்டுமாம் என்று நினைத்தாள். போகவே கூடாது என்று கறுவிக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி, மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லியும் அவர் எழுந்திருக்காதபோதுதான் அவள் கரண்டியைக் கீழே போட்டாள். ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். அந்தத் தோளில் சூடு இல்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சும்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்பத்தான்" என்றாள்.

டாக்டர் அவர் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். அவளையும் ஒரு தடவை பார்த்தார். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். தல்ஹாவிடமும் நாத்தனார் ஜமீலுன்னிசாவிடமும் அதே 'இப்பத்தான்' போயிற்று. பக்கத்திலேயே இருந்தேன், பேசிக்கொண்டே சாய்ந்துவிட்டார் என்று சொன்னாள். பதினோரு நாள் பேசாதவள் பேசிக்கொண்டே என்று சொன்னாள். அந்த ஒரு மணி நேரம் உலகத்தில் தன் ஒருத்திக்கு மட்டுமே தெரியும் என்பது அவள் எண்ணம்.

இத்தா என்பது நாலு மாதம் பத்து நாள். கணவன் கண்மூடிய வீட்டை விட்டு மனைவி வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது, வளையல், பூ, மருதாணி எதுவும் கூடாது. மருதாணி கூடாது என்று ஜமீலுன்னிசா சொன்னபோது அஸ்மத்துக்கு இடம் தெரியாமல் ஒரு சிரிப்பு வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டாள்.

முதல் மூன்று நாள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. நாற்பதாம் நாள் அவருக்காகப் பாத்திஹா ஓதுகிற வரைக்கும் யாராவது ஒருத்தர் கூட இருந்தார்கள். அது முடிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், அவரவருக்கு வீடு வாசல் இருக்கிறது. தல்ஹா இங்கேயே தங்குகிறேன் என்றான். தரமணியில் வேலை, மஹ்விஷுக்கு ஏழாம் மாதம். அஸ்மத்தே வேண்டாமென்று அனுப்பிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து வாரத்துக்கு வேண்டியதை வாங்கிப் போட்டுவிட்டுப் போனான்.

பக்கத்து வீட்டு நல்லசிவம் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர், சங்கரன்கோவில் பக்கத்து ஆள். அஸ்மத் பின்கட்டில் புழங்க வேண்டியிருக்கும் என்று அவர் மொட்டை மாடிக்கு வருவதையே விட்டுவிட்டார். யாரும் சொல்லாமல் அவராகச் செய்த மரியாதை அது. ஆனால் அவர் மனைவி ஸ்வர்ணலதாவும் முகம் கொடுப்பதை நிறுத்திவிட்டதுதான் அஸ்மத்துக்குப் புரியவில்லை. பன்னிரண்டு வருடமாகச் சுவருக்கு மேலே கிண்ணம் கைமாறிய சிநேகிதம். நோன்புக் கஞ்சி அந்தப் பக்கம் போகும், அதிரசம் இந்தப் பக்கம் வரும். துக்கத்துக்கு வந்து வாசலோடு நின்று அழுதுவிட்டுப் போனவள், அப்புறம் சுவர்ப்பக்கம் வரவே இல்லை. மாடியில் துணி காயப்போட வந்தாலும் குனிந்த தலை நிமிராமல் போனாள். இந்த வெள்ளைத் துப்பட்டாவைப் பார்த்துச் சகுனம் பார்க்கிறாளோ என்று அஸ்மத் நினைத்தாள். நினைத்ததும் மனசு நொந்துபோயிற்று.

பேச ஆளில்லாமல் ஒரு மனுஷி எத்தனை நாள்தான் இருக்க முடியும். காலையில் பால்காரர் கதவில் பையை மாட்டுகிற சத்தம், அப்புறம் ஸ்டேஷன் பக்கமிருந்து மின்சார ரயில், அப்புறம் தன் வீட்டுக் குக்கரே போடுகிற விசில். சில நாள் தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று குளியலறையில் சும்மா இருமிப் பார்த்தாள்.

ஆகவே செடியைப் பார்த்தாள். வந்து பாரேன் என்றாரே, வந்து பார்த்தாள். அவளுக்கு மனசுக்குள் ஒரு நிய்யத், ஒரு தீர்மானம், இருந்தது. கதிர் பிடிக்க வேண்டும், முற்ற வேண்டும், அதை அவித்து வைத்துப் பாத்திஹா ஓதி, "வந்து பார்த்தேன்" என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சும்மா காற்றைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கையில் கதிர் இருந்தால் சொல்லலாம். அதுவும் இல்லாமல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

செடிகள் அவள் தலைக்குமேல் வளர்ந்துவிட்டன. குருத்துக்குள் பச்சையும் நீலமுமாகப் பேன் மாதிரி ஏதோ கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு எறும்புகள் விடிந்ததிலிருந்து அங்கே ஏறி இறங்கின. ஒவ்வொரு பேனிடமும் ஓர் எறும்பு நின்று, மீசையால் தட்டித் தட்டி விசாரித்துவிட்டு, வாயை வைத்து எதையோ துடைத்துக்கொண்டு போயிற்று. செடியைச் சுத்தம் செய்கிறது பாவம் என்று அஸ்மத் முடிவுகட்டினாள். எறும்பின் பேரில் அவளுக்கு முன்பே நல்ல அபிப்பிராயம். எறும்பையும் தேனீயையும் கொல்லக் கூடாது என்று சின்ன வயதில் மதரஸாவில் கேட்டது அப்படியே மனசில் தங்கிவிட்டது. சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் டப்பாவைத் தூக்கி வெயிலில் வைப்பாளே தவிர மருந்து வைக்க மாட்டாள்.

நாற்பத்தெட்டாம் நாள் வில்லன் வந்து சேர்ந்தான். நெல்மணி நீளத்தில் ஒரு புழு. பல்லிக்குட்டியைக் கரியில் புரட்டி எடுத்த மாதிரி இருந்தது. ஆறு கால், முதுகு முழுக்க முள், விலாவில் ஆரஞ்சுக் கறை. அது இலைமேல் நடந்து வந்த தோரணையே சரியில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு எறும்புகள் பாய்ந்துபோய் அதன் காலைக் கடித்து இழுத்தன. அது உருண்டு கீழே விழுந்தது. அஸ்மத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எறும்பு யாரைக் கடிக்கிறதோ அவன்தான் திருடன். அந்த நிமிஷமே அவள் எறும்பின் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

சேர்ந்தவள் சும்மாவும் இருக்கவில்லை. பழைய ஊறுகாய் பாட்டிலில் சோப்புத் தண்ணீரும் கையில் ஓர் ஈர்க்குச்சியுமாக, காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சுற்று வந்தாள். இலை இலையாகத் திருப்பி முள்ளுப் புழுவைத் தேடிப் பாட்டிலுக்குள் தள்ளினாள். ஒரு நாள் ஒன்பது கிடைத்தது, ஒரு நாள் பதினாலு. இத்தாவில் வானம் தெரிகிற இடத்தில் உட்காராதீங்க பாபி என்று ஜமீலுன்னிசா போனில் சொன்னபோது, சரி சரி என்றபடியே குச்சியை நீட்டினாள். கைக்கு வேலை இருந்தது. எறும்புக்காவது தான் உபயோகமாக இருக்கிறோம் என்ற நினைப்பு இருந்தது. அவற்றோடு பேசவும் ஆரம்பித்தாள். "நீ உன் வேலைய பாரு, நான் கீறேன்" என்று ஓர் எறும்புக்குத் தைரியம் சொன்னாள்.

எப்போதாவது ஒரு பொறிவண்டு வந்து உட்காரும். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்து, கடையில் அவர் அட்டையில் தைத்து வைத்திருந்த பட்டன்களில் ஒன்று கழன்று பறந்து வந்த மாதிரி இருக்கும். அதை மட்டும் விரலில் ஏற்றிக்கொண்டு பார்ப்பாள். அழகாக இருப்பதற்கு யாரும் சாட்சி கேட்பதில்லை.

ஆனால் செடி தேறவில்லை. பேன் ஒன்றுக்குப் பத்தாகப் பெருகியது. உச்சியில் பூ வந்தபோதே பிசுபிசுவென்று வந்தது. இலையில் சர்க்கரைப் பாகு சிந்தின மாதிரி ஒரு பிசுக்கு, அதன்மேல் கறுப்பாக ஒரு பூச்சு படிந்தது. எறும்பும் உழைக்கிறது, நானும் உழைக்கிறேன், பிறகு ஏன் இப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. இன்னும் இரண்டு சுற்று கூடுதலாக வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தல்ஹா பின்கட்டுக்கு வந்தவன் முகத்தைச் சுளித்தான்.

"இன்னா அம்மி இது, பூரா பூச்சி. வெட்டிப் போட்டுட்டு சிமெண்ட் பூசிடலாமா? நீங்களும் வழுக்காம நடப்பீங்க."

"வேணாம்டா."

"அப்ப மருந்தாவது அடிக்கணும். அடுத்த சண்டே ஸ்ப்ரே வாங்கிட்டு வரேன்."

"எறும்பு செத்துரும்."

தல்ஹா அவளையே பார்த்தான். அப்பா போனது அவனுக்கு ஒரு துக்கம் என்றால், அம்மா எறும்புக்காகப் பரிந்து பேசுவது இப்போது இன்னொரு துக்கம். "அப்பா வெச்சதுன்னு தெரியும் அம்மி" என்று மெதுவாகச் சொன்னான். "ஆனா இப்படியே வுட்டா ஒரு கதிர்கூட வராது. அப்பா இருந்தாலும் மருந்துதான் அடிச்சிருப்பார்."

அது உண்மைதான். மருதாணியையே வெட்டின மனிதர் எறும்பைப் பார்த்து இரங்கப்போகிறாரா? கிளம்பும்போது தல்ஹா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஒண்ணு நினைச்சா எனக்கு மனசு ஆறுது அம்மி. அப்பா போறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்க. பேசிக்கினே போனார் இல்ல. அது எல்லாருக்கும் கெடைக்காது."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். வண்டிச் சத்தம் சந்து திரும்பும்வரை அப்படியே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மேஜை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள். லேஸ் பின்னலில் இழை விட்டிருக்கிறதா என்று கடையில் அவர் பார்க்கிற கண்ணாடி. ஞாயிறு வருவதற்குள் திருடன் ஒருத்தன் பாக்கியில்லாமல் பிடித்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. மூன்றாவது செடியில், ஓர் இலையின் அடியில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன மணி ஒட்டிக்கொண்டிருந்தது. அது நடக்கவில்லை, அதனால் அவள் இதுவரை அதைக் கண்டுகொண்டதில்லை. கண்ணாடியை வைத்தபோது அதன் முதுகு வெடித்துக்கொண்டிருந்தது.

உள்ளிருந்து ஒரு வண்டு வந்தது. வெளிர் மஞ்சளாக, ஈரமாக, ஒரு புள்ளிகூட இல்லாமல், பிறந்த பிள்ளைபோல் என்ன செய்வதென்று தெரியாமல் தன் கூட்டையே பிடித்துக்கொண்டு நின்றது. அஸ்மத் இலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தும் நகரவில்லை. மெல்ல மெல்ல மஞ்சள் முறுகி ஆரஞ்சாயிற்று. அதன்மேல், ஈரத் துணியில் கறை ஊறி வருகிற மாதிரி, ஒவ்வொரு புள்ளியாகத் தெரிய ஆரம்பித்தது. அவள் விரலில் ஏற்றிக்கொண்டு கொஞ்சுகிற அதே பொறிவண்டு.

அது விட்டுப்போன கூட்டின் அடியில் கசங்கிய தோல் ஒன்று ஒட்டியிருந்தது. கறுப்புத் தோல். அதில் முள் இருந்தது, ஆரஞ்சுக் கறை இருந்தது.

அவள் துவைக்கிற கல்மேல் வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அடியில் கறுப்பாக ஒரு விரற்கடை வண்டல்.

அப்புறமும் நம்ப மனசில்லாமல் தேடினாள். ஐந்தாவது செடியில் ஒரு குட்டிப் புழு அவள் கண்ணுக்குத் தப்பிப் பிழைத்திருந்தது. இந்தத் தடவை குச்சியை நீட்டாமல் கண்ணாடியை நீட்டினாள். அது நேரே போய் ஒரு பேனைக் கவ்விச் சப்பியது, அதை முடித்துவிட்டு அடுத்ததைக் கவ்வியது. எறும்புகள் ஓடி வந்து அதைக் கடித்தன. கடித்து விரட்டிவிட்டு இன்னொரு பேனிடம் போய் மீசையால் தட்டின. பேனின் பின்புறத்தில் ஒரு சொட்டுப் பாகு ததும்பியது. எறும்பு அதைக் குடித்தது. எறும்பு காவல் காத்தது செடியை இல்லை, தன் மாட்டு மந்தையை. அஸ்மத்தும் சேர்ந்து இத்தனை நாள் மந்தைக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

படியில் உட்கார்ந்து அழுதாள். மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்த அன்றுகூட அப்படி அழவில்லை. நூறு இருக்குமா, கூடவே இருக்குமா? உதவி செய்ய வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாகடித்திருக்கிறாள். அதுவும் பார்க்காமல் செய்யவில்லை, காலையும் மாலையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். ஜன்னலில் தெரிந்த முதுகையும் இப்படித்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்த்து ரோஷம் என்று தீர்ப்புச் சொன்னாள். "எனக்குப் பாக்கத் தெரியலையே" என்று செடிகளைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள்.

மத்தியானம்வரை அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, துவைக்கிற கல்மேல் ஏறி நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்வர்ணலதாவின் அவரைப் பந்தல் தெரிந்தது. அதிலும் இதே பேன் அப்பிக்கிடந்தது.

"ஸ்வர்ணா."

குரல் கரகரத்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது ஸ்வர்ணலதா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். வந்தவள் நிமிராமல் நின்றாள்.

"அக்கா."

"ஒங்க அவரைல கறுப்பா முள்ளுப் புழு கீதா?"

"இருக்குக்கா. அசுவினிப் பேன் விழுந்திருக்கு, கூடவே அதுவும் வந்திருக்கு. எல்லாத்தையும் நசுக்கிப் போடணும்னு நெனச்சிட்டு இருக்கேன்."

"நசுக்காதே. எனக்குக் குடு."

ஸ்வர்ணலதா அப்போதுதான் முகத்தைத் தூக்கினாள். பன்னிரண்டு வருடத்தில் சுவருக்கு மேலே எவ்வளவோ கைமாறியிருக்கிறது, புழு கேட்டு யாரும் வந்ததில்லை. "நெசமாவாக்கா கேக்கீங்க?" என்றாள். அஸ்மத் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் புழுதான் பொறிவண்டுக்குப் பிள்ளை என்றும், அது தெரியாமல் பாட்டில் பாட்டிலாகக் கொன்றேன் என்றும் சொன்னாள். சொல்லும்போது மறுபடி கண்ணீர் வந்தது. ஸ்வர்ணலதா போய், இருபது முப்பது புழுக்களை இலையோடு கிள்ளி ஓர் எவர்சில்வர் தூக்கில் போட்டுக்கொண்டு வந்து சுவர்மேல் நீட்டினாள். அஸ்மத் பிடித்துக்கொண்டாள். ஸ்வர்ணலதா விடவில்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சொல்லாம எனக்குச் சோறு எறங்கல."

"சொல்லு."

"அன்னைக்கு நான் மாடியில துணி காயப்போட வந்தேன். அண்ணாச்சி படியில உக்காந்திருந்தாங்க. முளைச்ச சோளத்தப் பாத்துட்டு இருக்காங்கன்னு நெனச்சேன். ரொம்ப நேரங்கழிச்சி வத்தலப் பெரட்டிவிட வந்தேன். அப்பவும் அப்படியேதான் இருந்தாங்க. என்ன அண்ணாச்சின்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். குடுக்கல." அவள் தூக்கின் விளிம்பையே பார்த்தாள். "நீங்க பக்கத்துலயே இருந்தீங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலக்கா. ஆனா உங்க மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் வரல."

அஸ்மத் இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பக்கத்துல இல்ல" என்றாள். "ஜன்னல்ல பாத்துக்கினு இருந்தேன். ரோஷமா உக்காந்துக்கினு கீறார்னு நெனச்சேன். வந்து பாருன்னு கூப்ட்டார், நான் போவல."

ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் வந்து நின்று, கிளம்பிப் போயிற்று. இருவரில் ஒருவரும் அழாதே என்று சொல்லவில்லை, உன் மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. அதையெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. ஒரு புழு தூக்கின் பிடியில் ஏறி வெளியே வரப் பார்த்தது. அஸ்மத் அதை விரலால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டாள்.

புழுக்களைச் செடிக்கு ஒன்றிரண்டாகக் குருத்திலும் பூவிலும் குடிவைத்தாள். எறும்பைக் கொல்ல முடியாது, அது எப்போதும் முடியாது. அதனால் வேர்ப்பக்கம் ஒரு சாசரில் சர்க்கரை வைத்து லஞ்சம் கொடுத்தாள். பாதி எறும்புகள் வாங்கிக்கொண்டன. மீதி யோக்கியமாகக் காவலுக்கே போயின. ஞாயிற்றுக்கிழமை தல்ஹா மருந்தோடு வந்தபோது பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, புழு பேன் தின்பதைக் காட்டினாள். அவன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான். பிறகு டப்பாவைப் பரணில் போட்டுவிட்டு, சரி, ஒரு வாரம் பார்ப்போம் என்றான். அந்த ஒரு மணி நேரத்தை அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். பிள்ளை பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போடுவது தப்பு என்றும் அவளுக்குத் தெரிந்தது.

ஸ்வர்ணலதா மறுபடி சுவருக்கு வந்தாள். இரண்டு வார்த்தை பேசுவாள், கிண்ணம் ஒன்று நீட்டுவாள், அடுப்பில் வேலை என்று போய்விடுவாள். வீடு அதே வீடுதான். சாயங்காலமானால் அதே அமைதி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் செடிகளில் பேன் குறைந்து, பதினேழில் ஒன்பது கதிர் பிடித்தது. கதிரின் மயிர் காய்ந்து பழுப்பாயிற்று. இத்தா முடிய இன்னும் ஐம்பத்தாறு நாள் இருந்தது.

அன்று பதினோரு மணி இருக்கும். அஸ்மத் படியில் வலது ஓரத்தில் உட்கார்ந்து, எட்டுகிற இலையில் ஒரு முள்ளுப் புழுவைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுத்த புழு. வாலை இலையில் ஒட்டிக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றது. இனிமேல்தான் மணியாகும். மூச்சுக்காற்று பட்டால்கூட விழுந்துவிடுமோ என்று அவளும் அசையாமல் இருந்தாள்.

மாடியிலிருந்து, "அக்கா" என்று சத்தம் வந்தது. திரும்பினால் இலை ஆடும். இதோ ஒரு நிமிஷம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"அக்கா. அஸ்மத்தக்கா."

பிறகு வாளி உருளுகிற சத்தம். மாடிப்படியில் தடதடவென்று கால்கள் இறங்கின. இரும்புக் கேட் கிறீச்சிட்டது, தன் வீட்டு முன்கதவு சுவரில் மோதியது, கூடம், சமையலறை என்று ஓட்டம் நெருங்கி வந்தது. அஸ்மத் என்னவென்று நினைப்பதற்குள் ஈரமான கை ஒன்று அவள் தோளைப் பற்றியது.

திரும்பிப் பார்த்தாள். ஸ்வர்ணலதா ஒரு கையில் பிழியாத சட்டையோடு நின்றாள். தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது. வாய் திறந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அஸ்மத்துக்குப் புரிந்தது.

"உயிரோடதாம்மா கீறேன்" என்றாள்.

ஸ்வர்ணலதா நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்து, சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். அஸ்மத் அவள் தலையைத் தன் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மாடியிலிருந்து இந்தப் படிக்கு வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சமையலறையிலிருந்து என்றால் எட்டே எட்டு தப்படி. அன்றைக்கும் அவ்வளவுதான் இருந்தது.

அழுகை அடங்கியபோது இலையைப் பார்த்தாள். புழு விழவில்லை, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அஸ்மத் துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு, படியில் நகர்ந்து நகர்ந்து இடது ஓரத்துக்குப் போனாள்.

"வந்து பாரேன்" என்றாள்.

அடுப்பில் சாதம் இருக்குக்கா என்று சொல்லிக்கொண்டே ஸ்வர்ணலதா மூக்கைத் துடைத்தாள். ஈரச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு வலது ஓரத்தில் உட்கார்ந்தாள். அஸ்மத் பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தாள்.